ஆட்டமில்லாக் கோடை

வைகாசியிலே பூட்டப்படும் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட மைதானங்கள் ஆடி மாதக் கடைக்கூற்றிலேதான் மீண்டும் திறக்கப்படுகின்றன. இடையில் வரும் இரண்டரை மாதமும் அங்கே பந்து உருளுவதில்லை. ஆயினும் அந்நாட்டு அபிமானிகளுக்கு அதுவே ஓய்வில்லாத காலம் என்பதை 2015ஆம் ஆண்டில் லெஸ்ரர் நகரத்திலே நாம் நேரிற் கண்டோம். கண்டதோடு அமையாமல், எமக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரியத்தில் வாயையும் நுழைத்தோம். அதனால் வந்த வினையையே இங்கு சொல்லப் புகுந்தோம்.

எமது தமையனார் அப்பொழுது அந்நகரத்திற் குடியேறி முப்பத்தெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து மேற்படிப்புக்கென்று கப்பலேறாமல் விமானமேறிப் போனவர், படிப்பு முற்றுப்பெறுமுன்னரே காலுறை பின்னும் ஆலையொன்றில் வேலைக்கமர்ந்துவிட்டார். லெஸ்ரர் ஒருகாலத்திலே காலுறைக்கும் சப்பாத்துக்கும் பேர்போன ஊர். அந்த ஆலையில் யந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஆங்கிலேயர் ஒருவர் தமையனாருக்குச் சிநேகிதரானார். “சனிக்கிழமை முழுவதும் அறைக்குள்ளே அடைந்துகிடந்து என்ன செய்கிறாய்?” என்று கேட்டு, ஒருநாள் அவர்தாம் பில்பேட் வீதியிலிருந்த பழைய மைதானத்துக்குத் தமையனாரைக் கூட்டிச் சென்றார். நிறங் கறுத்தவர்கள் அந்நாளிலே மைதானங்களுக்குத் தனியே போக அஞ்சுவார்கள். ஆகையால் சிநேகிதர் இவரைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, சனக்கூட்டம் நெருக்கும் பக்கத்தில் தாம் நின்றுகொள்வாராம். 2002இலே கழகம் புதிய மைதானத்துக்குக் குடிபெயர்ந்தபோது இருவரும் அடுத்தடுத்த இரண்டு கதிரைகளுக்குப் பருவச்சீட்டு வாங்கினார்கள். அதன்பிறகு மழையென்றும் பனியென்றும் பாராமல் அந்த இரண்டு கதிரைகளும் நிறைந்தே இருந்தன.

இருந்து பார்த்ததிற் கண்ட சுகம் அதிகமில்லை. புதிய மைதானத்துக்குப் போன வருடமே கழகம் கடன் தாங்காமல் நிருவாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. 2004இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. 2008இல் அதன் சரித்திரத்திலேயே முதன்முறையாக மூன்றாம் பிரிவுக்கும் இறங்கியது. 2013இல் மேலே ஏறுவதற்கான இறுதியாட்டத்தை அடைய ஒரு தண்டனை உதை மாத்திரமே போதுமாயிருந்த வேளையில், வற்போட் கழகத்தின் காவலர் அதைத் தடுத்துவிட்டார். அந்தப் பந்தே மறுகோடிக்குப் பறந்து, நிமிடமொன்று கழியுமுன் எதிர்க்கட்சியின் கோலாக முடிந்தது. தமையனார் இதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். ஒருவாறு 2014இல் மேலேறினார்கள். ஆனால் அவ்வருட நத்தாருக்கு இருபது கழகங்களுள் இருபதாவது இடம்.

2015ஆம் ஆண்டு மாசி மாதத்தில், கழகம் அட்டவணையின் அடியிற் கிடந்த நாளிலே, சிநேகிதர் காலமானார்.

நாம் ஆனியிற் போய்ச் சேர்ந்தபோது ஊர் முழுவதும் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. இருபத்தொன்பது ஆட்டங்களில் பத்தொன்பது புள்ளிகளே பெற்றிருந்த கழகம், கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று, நாற்பத்தொரு புள்ளிகளோடு பதினான்காம் இடத்துக்கு வந்து தப்பிப் பிழைத்துவிட்டது. லெஸ்ரரின் வாகனத் தரிப்பிடமொன்றின் கீழே 2012இற் கண்டெடுக்கப்பட்ட மூன்றாம் றிச்சாட் மன்னனின் எலும்புகளை, அவ்வருடம் பங்குனி 26ஆந் திகதிதான் தேவாலயத்திலே மரியாதையுடன் அடக்கஞ் செய்திருந்தார்கள். அதன்பின் நடந்த முதலாட்டத்திலிருந்துதான் வெற்றி தொடங்கியதாம்! ஐந்நூற்றாண்டாகத் தரையிற் கிடந்த அரசனின் ஆசீர்வாதம் என்று அறிவாளிகளும் பாதி வேடிக்கையாய்ச் சொல்லித் திரிந்தார்கள். மீதிப் பாதியைப் பற்றி நாம் விசாரிக்கவில்லை.

தமையனாருக்கு நகரசபையிலிருந்து வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டு ஒன்று உண்டு. போஞ்சியும் வெந்தயக்கீரையும் பூசணியும் அங்கே கோடையிற் செழித்து நிற்கும். அதன் மூலையிலுள்ள மர வாங்குதான் எமது கதையின் அரங்கம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலானால் சுடுதண்ணீர்ப் போத்தல்களோடு நாலைந்து பேர் அங்கு கூடிவிடுவார்கள். ஒருவர் இளைப்பாறிய பஸ் சாரதி, ஆங்கிலேயர். இன்னொருவர் 1972இல் இடி அமீன் ஆசியரைத் துரத்தியபோது கம்பாலாவிலிருந்து வந்த குஜராத்திக் கடைக்காரர். அவ்வேளையில் லெஸ்ரர் நகரசபையே “இங்கு வரவேண்டாம்” என்று உகண்டாப் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்ததையும், அதை வாசித்துவிட்டே தாம் வந்ததையும் சிரித்துக்கொண்டு சொல்லுவார். மூன்றாமவன் பல்கலைக்கழக மாணவன்; புள்ளிவிபரமெல்லாம் அவன் நாவின் நுனியில்.

இவர்களுடைய சம்பாஷணையிலே எம்மைக் கவர்ந்த முதல் விடயம், ‘நாங்கள்’ என்னும் சொல். “நாங்கள் ஒரு நல்ல பின்வரிசைக்காரனை வாங்கவேண்டும்” என்பார் பஸ் சாரதி, தமது இளைப்பாற்றுச் சம்பளத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கப் போகிறவரைப்போல. “நாங்கள் கம்பியாசோவை விடக்கூடாது” என்பார் கடைக்காரர். ஆர்ஜன்ரீனாக்காரனாகிய அந்த முப்பத்துநாலு வயது ஆட்டக்காரன் ஒரு வருடமே அங்கு விளையாடியிருந்தும், ஊரார் மனத்தை முழுதாகக் கொள்ளைகொண்டிருந்தான். தனியொருவராயிருந்துகொண்டு ‘நாம்’ என்று எழுதும் எமக்கு, அவர்களைக் குறைகூற உரிமையில்லை.

இரண்டாவது விடயம், அவர்கள் நம்பிக்கையை ஒளித்துவைத்த விதம். வருகிற பருவத்தைப் பற்றி நல்லது எதையும் வாய்விட்டுச் சொல்லலாகாது என்பது அந்த வாங்கின் எழுதாச் சட்டம். யப்பானியன் ஒக்கசாக்கி வருகிறான், ஒஸ்திரியன் பூக்ஸ் வருகிறான் என்று மாணவன் சொன்னால், “அவர்களுக்கு எங்கள் மாரிக்காலம் ஒத்துக்கொள்ளுமோ?” என்று சாரதி பெருமூச்செறிவார். இருபதில் மூன்று கழகங்கள் வருடந்தோறும் கீழே இறங்கவேண்டும். இறங்கினால் தொலைக்காட்சிப் பணம் போகும். பணம் போனால் நல்ல ஆட்டக்காரரும் போவர். ஆகவே அவர்கள் வேண்டியதெல்லாம் பதினேழாம் இடம். பதினேழுக்கு மேல் ஆசைப்படுவது பாவம் என்பதுபோலப் பேசினார்கள்.

ஜூன் 30ஆந் திகதி இடி விழுந்தது. கழகத்தைக் கரையேற்றிய முகாமையாளர் நைஜல் பியர்சன் நீக்கப்பட்டார். மறுமாதம் கம்பியாசோவும் விடைபெற்றான். ஜூலை 13ஆந் திகதி கிளோடியோ ரனியேரி என்னும் இத்தாலியர் நியமிக்கப்பட்டார். வயது அறுபத்துமூன்று; அதற்கு முந்திய கார்த்திகையில் கிரேக்க தேசிய அணி, ஐம்பதினாயிரம் சனங்கூட இல்லாத பரோத் தீவுகளிடம் சொந்த மண்ணிலே தோற்றதனால் அங்கே பதவியிழந்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிலே நிலவிய மௌனத்தை நாம் செத்தவீட்டில்தான் கண்டிருக்கிறோம். லெஸ்ரர் முதலிடம் பெறும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவோம் என்று பந்தயக் கடைகள் விலை குறித்திருந்தன. மாணவன் அதை வாசித்துக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். நூற்றுமுப்பத்தொரு வருடச் சரித்திரத்தில் ஒருமுறை, 1929இல், இரண்டாம் இடம்வரை வந்த கழகம் அது. அங்கிருந்தவர்களில் ஒருவரேனும் ஒரு பவுண்ணை வீணாக்க விரும்பவில்லை.

தமையனார் மாத்திரம் சிரிக்கவில்லை. அன்றிரவு மேசை லாச்சியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து எம்முன் வைத்தார். பருவச்சீட்டைப் புதுப்பிப்பதற்கான பத்திரம்.

“நீ என்ன சொல்லுறாய் தம்பி?” என்று கேட்டார்.

நாம் சொல்லாதிருந்திருக்கலாம். ஆனால் கேட்டால் புத்தி சொல்லும் குணம் எமது குடும்பத்திலே வேரூன்றியது. முழங்கால் நோவோடு படியேறவேண்டுமா என்றோம். பக்கத்துக் கதிரையில் எவனோ ஓர் அந்நியன் வந்திருப்பானே என்றோம். முகாமையாளரும் போனார், கம்பியாசோவும் போனான், கழகம் எப்படியும் கீழேதான் போகப்போகிறது என்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை வாங்கிலிருந்து கற்ற வித்தையையெல்லாம் எடுத்துரைத்தோம். இறுதியாக, “அந்தக் காசுக்கு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போகலாமே, அண்ணை” என்றோம். மச்சாளும் அதை ஆமோதித்தார். அவர் வருவதிலே எமக்கிருந்த ஆசையை அறிவுரையென்று பெயரிட்டு அவிழ்த்துவிட்டோம் என்பதே உண்மை.

தமையனார் நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்பு, “நாங்கள் இறங்கத்தான் போறம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் அவன் கண்ணை மூடினவன். தப்பினதும் அவனுக்குத் தெரியாது” என்றார். கடிதம் மறுபடியும் லாச்சிக்குள்ளே போயிற்று. பணம் கட்டப்படவில்லை.

அவர் சொன்னபடி நல்லூருக்கு வந்தார். வீதியிலே அங்கப்பிரதட்சணம் செய்வோரைப் பார்த்து நின்றபோதும், சனிக்கிழமை மாலையானால் கைத்தொலைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாயிருந்தார். ஆகஸ்ற் 8ஆந் திகதி முதலாட்டத்திலேயே லெஸ்ரர் நாலு கோல் போட்டுச் சண்டலாண்டை வென்றிருந்தது. செப்ரெம்பர் 13ஆந் திகதி இரவு எமது விறாந்தையில் அவர் அஸ்ரன் வில்லாவுடனான ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி இரண்டு கோல், இவர்களுக்கு ஒன்றுமில்லை. “நான் சொன்னேன்தானே” என்பதுபோல நாம் உள்ளே போய்விட்டோம். திரும்பி வந்தபோது மூன்றுக்கு இரண்டு என்று லெஸ்ரர் வென்றிருந்தது. தமையனார் இருட்டிலே எழுந்து நின்றிருந்தார். பக்கத்தில் எவரோ நிற்பதுபோல வலப்புறமாகத் தலையைத் திருப்பினார். பின்பு மெதுவாக இருந்துவிட்டார்.

அதன்பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. கழகம் ஓகஸ்ற் மாதத்திலே பிரான்சின் கான் கழகத்திலிருந்து அமைதியாக வாங்கிய என்கோலோ கான்ரே என்னும் சின்ன உருவத்தான், மைதானத்தின் எந்த மூலையிற் பந்து இருந்தாலும் அங்கே இருந்தான். ஜேமி வார்டி பதினொரு ஆட்டங்களில் தொடர்ச்சியாகக் கோல் போட்டுப் பழைய சாதனையை முறியடித்தான். முந்திய நத்தாருக்கு அடியிற் கிடந்த கழகம் அந்த நத்தாருக்கு முடியில் நின்றது. கிழமைதோறும் தமையனாரின் தொலைபேசி வரும். தோட்டத்து வாங்கைப் பற்றிச் சொல்லுவார். சாரதி இன்னமும் பதினேழாம் இடத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்றே கணக்குப் பார்க்கிறார் என்று சிரிப்பார். சீட்டைப் பற்றி மாத்திரம் ஒரு சொல்லுஞ் சொல்லமாட்டார். ஒருமுறையாவது எம்மைத் திட்டியிருந்தால் எமக்கு நித்திரை வந்திருக்கும். தை மாதத்தில் நாமே மெல்ல, “இனி ஒரு சீட்டு எடுக்க ஏலாதோ?” என்று கேட்டோம். “ஊர் முழுக்க அதைத்தான் கேக்குது” என்று சொல்லிவிட்டு, கீரை விதையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

2016 மே மாதம் 3ஆந் திகதி அதிகாலையில் எமது தொலைபேசி அலறியது. நம் நாட்டிலே அந்த நேரத்தில் வரும் அழைப்புக்குப் பொருள் ஒன்றுதான். வீட்டார் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நாம் நடுங்கும் கையால் எடுத்தோம். மறுபக்கத்தில் ஒரே ஆரவாரம். கார்களின் ஊதுகுழல் ஓசை.

“தம்பி, பயந்துபோனியோ? ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. வெண்டிட்டம்!”

அன்றிரவு ரொட்டன்ஹாம் செல்சியுடன் சமநிலையில் முடித்தபடியால், லெஸ்ரர் தான் விளையாடாமலே முதலிடத்தை உறுதிசெய்துகொண்டது. தொலைக்காட்சியிற் பார்த்து முடிந்ததும் முழங்கால் நோவையும் மறந்து அவர் மைதானத்து வாசலுக்குப் போயிருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் அங்கு கூடியிருந்தார்களாம். முன்பின் அறியாத ஒரு வெள்ளைக்காரப் பொடியன் தம்மைக் கட்டிப்பிடித்து அழுதான் என்றார். சற்றுநேரம் ஆரவாரம் மாத்திரம் கேட்டது.

“எங்கடை ரெண்டு கதிரையிலையும் இந்த வருஷம் ஆர் ஆரோ இருந்திருப்பாங்கள்” என்றார் பிறகு. “நல்லாய்ப் பாத்திருப்பாங்கள்.”

முந்திய வருடம் நாம் சொன்ன புத்திமதியைப் பற்றி எதையோ சொல்ல வாயெடுத்தோம். அவர் முடிக்கவிடவில்லை.

“அதை விடு. கோடைக்கு வாறியோ? சாரதியார் இப்பவே தொடங்கிவிட்டார். கான்ரேயை ஆரோ பெரிய கழகம் கொத்திக்கொண்டு போகப்போகுதாம். அவன் போனால் நடுவிலை ஆர் நிக்கிறது? எனக்கெண்டால் வாற வருஷம் இறங்கிப்போடுவமோ எண்டுதான் பயமாய்க் கிடக்கு.”