கருவாலிக் கொட்டை

செர்வாண்டிசின் ‘டான் குயிக்சாட்’ (1605) நாவலில், ஆட்டிடையர் அளித்த கருவாலிக் கொட்டைகளைக் கையில் ஏந்தி, எல்லாம் எல்லார்க்கும் பொதுவாயிருந்த பொற்காலத்தைக் கதைத்தலைவன் புகழ்கிறான். ஒரு பிடிக் கொட்டைக்கு இத்துணை நீண்ட உரையா என்று மாணவப் பருவத்தில் நகைத்தேன்.

ஓக் எனப்படும் அக்கருவாலியுள் ஒருவகை என்றும் பசுமை மாறாதது. அதன் தடித்த இலைகள் மத்தியதரைக்கடல் நாடுகளின் கோடை வறட்சியைத் தாங்குவன. ஸ்பெயினின் எக்ஸ்ட்ரிமதூரா மேய்ச்சல் வெளிகளில் உதிரும் அதன் கொட்டைகளுள் இனிப்பானவற்றை மக்கள் வறுத்தும் உண்பர். பெரும்பகுதி பன்றிகளுக்கு இரையாகும்.

1939இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் பசி அந்நிலத்தை வாட்டியது. ஏழைகள் அக்கொட்டைகளைப் பொறுக்கி உயிர் காத்தனர். நிலக்கிழாரின் பன்றிகளுக்குரியதை எடுத்தார்கள் எனத் தண்டிக்கவும் பட்டனர்.

இதனை அறிந்தபின் அவ்வுரையை மீண்டும் படித்தேன். நகைப்பு வரவில்லை.