பனியின் அடுக்குகள்

பனி என்றதும் தமிழர் நெஞ்சில் தோன்றுவது மார்கழி வைகறையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. சாலையை மறைக்கும் மூட்டமும், இமயமுடியில் கிடக்கும் வெண்மையும் நமக்கு அதே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சேரன் ஒருவனை இமயவரம்பன் என்று போற்றிய மொழி இது. எனினும் அவ்விமயத்துப் பனி மனிதரைக் கொல்லும் முறையை நாம் அறிந்துகொள்ள முயன்றதில்லை.

2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையின்மீது பெரும் பனிச்சுவர் உடைந்து வீழ்ந்தது. புதையுண்ட பதின்மருள் பெரும்பாலோர் மதராஸ் படைப்பிரிவினர். பதின்மருள் நால்வர் தமிழகத்தார். எம் மாணவர் ஒருவரின் தமையனார் அப்போது லடாக்கில் பணியாற்றினார். அவரிடமிருந்து தொலைபேசி வரும்வரை அம்மாணவர் நூலகத்து நாளிதழ் மேசையை விட்டு அகலவில்லை. ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பெற்ற ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11இல் தில்லி மருத்துவமனையில் மறைந்தார். எல்லைக்கு அப்பால் கயாரியில் 2012 ஏப்ரல் 7ஆம் நாள் புதையுண்டோர் 140 பேர். பனிக்கு எல்லைக்கோடு தெரிவதில்லை.

பின்னர் ஒரு குளிர்காலத்தில் ஆசிரியர் நால்வர் குல்மார்க் சென்றிருந்தோம். கயிற்றூர்தியில் அஃபர்வாத் மலையின் மேல்நிலையத்தை அடைந்ததும், வழிகாட்டியாக வந்த காஷ்மீர் இளைஞர் மண்வெட்டியால் பனியைச் செங்குத்தாக வெட்டிக் காட்டினார். உருதுத் துறை நண்பர் அவர் சொற்களை எங்களுக்குத் தமிழாக்கினார். சுவர்போல் நின்ற அவ்வெட்டில், ஒவ்வொரு பனிப்பொழிவும் தனித்தனி அடுக்காகத் தெரிந்தது. அடியிலிருந்த அடுக்கைத் தொட்டோம். சர்க்கரைபோல் கையில் உதிர்ந்தது. நிலத்தை ஒட்டிய பனி உறைநிலைக்கு அருகில் இருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் கிடக்கும். இடையே நீராவி மேலெழும்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று பற்றாத படிகங்களாகிவிடுகின்றன. அதன்மேல் புதுப்பனி கனத்துப் பலகைபோல் இறுகுமாயின், ஒருவர் கால் வைத்தாலே அடியடுக்கு நொறுங்கிச் சரிவு முழுவதும் பெயர்ந்துவிடக்கூடும். சிக்குண்டு மடிவோருள் பெரும்பாலோர் தாமோ தம் குழுவினரோ கிளப்பிய சரிவிலேயே மடிகின்றனர் என்பது எங்களைத் திடுக்கிட வைத்தது.

முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சாய்வே பேரிடர் மிக்கது. அதனினும் செங்குத்தான சரிவில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடுமாம். புதையுண்டவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தால் நம்பிக்கை மிகக் குன்றிவிடும். ஓடிவந்து நின்ற பனி சிமெண்டுபோல் இறுகுவதால், விரலையும் அசைக்க இயலாது. ஆதலின் இருப்பிடம் காட்டும் வானொலிக் கருவி, துழாவும் நெடுங்கோல், மண்வெட்டி மூன்றையும் ஒவ்வொருவரும் சுமந்தே செல்லவேண்டும். வெளியிலிருந்து உதவி வந்து சேருமுன் அந்தக் கால்மணி கழிந்துவிடும்.

வானம் தெளிந்திருந்தது. எதிரே மாசற்ற வெண்சரிவு வெயிலில் மின்னியது. அங்குச் சென்று நிழற்படம் எடுக்க எம்முள் ஒருவர் விழைந்தார். முந்தைய இரவுக் காற்று மறுபக்கத்துப் பனியையெல்லாம் வாரி அச்சரிவில் குவித்திருப்பதை இளைஞர் முகட்டின் விளிம்பில் சுட்டிக்காட்டினார். “இன்று வேண்டாம், ஸாஹிப்” என்றார். அடுத்த ஊர்தியில் இறங்கினோம்.