போன தடவை எண்

வைகாசி மாதம். அண்ணாகிராமம் ஒன்றியத்தில் ஒரு தெரு. எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். காற்றில் பலாப்பழ வாசனை.

தோளில் பையோடு ஒரு பெண் வருகிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர். உள்ளூர் மகளிர் குழுக்காரர். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், திண்ணையில் இருந்த ஆயா பக்கத்துத் தட்டை முறத்தால் மூடிவிடுகிறார்.

கையில் பட்டை சுற்றப்படுகிறது. மெஷின் உறுமி அடங்குகிறது. 150, 90. அடுத்து விரல்நுனியில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு. 262.

“அந்த மிஷினு பழசும்மா.”

அவர் பதில் சொல்லவில்லை. போனைத் தடவுகிறார். டவர் இல்லை. தெருவில் இறங்கி, கையைத் தூக்கிப் பிடித்து நின்றுவிட்டுத் திரும்புகிறார்.

“போன தடவ 178 ஆயா. மொறத்தத் தூக்கு.”

நாலு சுளை. ஆயா வேறெங்கோ பார்க்கிறார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. மருந்து வீடு தேடி வருவதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ அந்த 178 என்ற எண் வீடு தேடி வந்ததுதான் பெரிதாகப் படுகிறது. சர்க்கரையும் பிரஷரும் பெரும்பாலும் வலிக்காமலே வளர்கிற நோய்கள். கண்ணையோ சிறுநீரகத்தையோ தொட்ட பிறகுதான் ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். 262 மட்டும் இருந்தால் மெஷின்மேல் பழி போட்டுவிடலாம். பக்கத்தில் 178 நின்றால் முடியாது. இதே கணக்கைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், கூரை ஒழுகும் வீட்டில் ஐப்பசி மழையைத் தாண்டியிருக்காது.

“மாத்தர போடுறியா?”

“போடுறேன், போடுறேன்.”

மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுகிறார். தீர்ந்திருக்க வேண்டியது பாதி மிச்சம். இதைப் போன் சொல்லாது. கைதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

“ஒன்ன ஒடச்சு ரெண்டு நாளைக்கு வச்சிக்கிறேன். நீ வராமப் போயிட்டின்னா?”

“லிஸ்ட்டுல உம்பேரு நிக்கிது ஆயா. வராம இருந்தா என்னத்தான் கேப்பாங்க.”

ஆயா கொஞ்ச நேரம் யோசிக்கிறார். அதற்குள் எண்கள் போனில் ஏறிவிட்டன.

“நாளைக்குத் தொணை சுகாதார நிலையத்துக்கு வந்துடு. நர்ஸம்மா வீடியோவுல டாக்டரக் காட்டுவாங்க.”

“அவுரு என்னயப் பாப்பாரா?”

“பாப்பாரு.”

“அப்ப வேற பொடவ கட்டிக்கிட்டு வரேன்.”