நுளம்பின் முதுகில் இருப்பது

டெங்கு நுளம்பு என்று நாங்கள் ஒருமையில் சொல்வது உண்மையில் இரண்டு இனங்களை. ஈடிஸ் எஜிப்டையின் கரிய முதுகில் வெண்செதில்கள் ஒரு யாழின் இரு கொம்புகளைப் போல வளைந்து நிற்கும். ஈடிஸ் அல்போபிக்டஸுக்கு முதுகின் நடுவே ஒரேயொரு வெண்கோடு. (யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு யாழைச் சுமந்து திரிவது எஜிப்டை நுளம்பு ஒன்றுதான்.) இரண்டுக்கும் உடல் ஐந்து மில்லிமீற்றர் அளவு, வெறுங்கண்ணுக்கு இரண்டும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான். குடாநாட்டில் இந்த வேறுபாடு பூச்சியியலாருக்கு மட்டும் உரியதல்ல. ஈடிஸ் நுளம்புகள் நன்னீரில் மட்டுமல்ல, கரையோரத்து உவர்நீரிலும் பெருகுகின்றன என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நோபிள் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் இங்கே செய்த ஆய்வுகளால்தான் காட்டினார்கள். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்ற புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. ஆகவே முற்றத்து வாளியில் பெருகியது எது என்று ஒரு படமெடுத்துத் தெரிந்தவருக்கு அனுப்ப விரும்பும் ஆசிரியருக்கோ மாணவருக்கோ, சட்டைப் பையில் அடங்கும், விலை தாங்கக்கூடிய கமரா எது என்ற கேள்வி வீண் பொழுதுபோக்கு அல்ல.

அந்தக் கேள்விக்குக் கடைகளில் கிடைக்கும் வழக்கமான பதில், "காசு இருந்தால் பெரிய கமராவை வாங்குங்கோ" என்பது. பெரிய கமரா ஒளியை அதிகம் வாங்கும், பின்னணியை அழகாக மங்கவைக்கும், இவை இரண்டும் உண்மை. ஆனால் கிட்டத்துப் படத்தில் இந்த இரண்டையும் நாமே கழித்துவிட வேண்டியிருக்கிறது. முப்பது மில்லிமீற்றர் அகலமான ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டாம்பூச்சியின் அரைவாசி என்று வையுங்கள். முழுச்சட்டகக் கமராவின் உணரி 36 மில்லிமீற்றர் அகலம். காட்சியை அதில் நிரப்ப, உருவம் அசலைவிடப் பெரிதாக விழவேண்டும். எஃப்/4 என்ற துளை அளவில் அப்போது தெளிவாக நிற்கும் ஆழம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. பைக்கமராவின் உணரி சுமார் 6 மில்லிமீற்றர் அகலம். அதே காட்சி அதில் ஐந்திலொன்றாகச் சுருங்கி விழுகிறது. அதே எஃப்/4 இல் தெளிவின் ஆழம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். பெரிய கமராக்காரர் அந்த ஆழத்தைப் பெற எஃப்/13 வரை துளையைச் சுருக்கவேண்டும். சுருக்கினால் ஒளி போய்விடும், அதை ஈடுசெய்ய ஒரு ஃபிளாஷ், அதற்கொரு தாங்கி, அவற்றைச் சுமக்க ஒரு பை. விலைகொடுத்து வாங்கிய ஒளியையும் மங்கலையும் கொட்டிவிட்டு, பைக்கமரா தொடங்கிய இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார்.

இதைக் கேட்டு, சிறியது பெரியதை வென்றுவிட்டது என்று சொல்லக்கூடாது. ஒளியின் விதி இருவருக்கும் ஒன்றே. நேர்த்தியாகச் செய்தால் பெரிய கமராவின் படமும் அதே தெளிவில்தான் வரும், தாராளமான வெளிச்சத்தில் கொஞ்சம் கூடவும் வரலாம். தொலைவில் நிற்கும் பூநாரைக்கு, இருட்டில் நடக்கும் கூத்துக்கு, முகப்படத்துக்குப் பெரியதே வேண்டும். நான் சொல்வது கிட்டத்துக்கு மட்டும்: அங்கே அந்த மேலதிகக் காசு எதையும் வாங்கித் தருவதில்லை.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அடிக்கும் மெகாபிக்சல் எண்ணும் இதே வகைதான். எஃப்/4 இல் வில்லை வரையும் மிகச் சிறிய ஒளிப்பொட்டின் அகலம் 5 மைக்ரோமீற்றருக்கு மேல். 12 மெகாபிக்சல் பைக்கமராவில் ஒரு பிக்சலின் அகலமோ 1.5 மைக்ரோமீற்றர் அளவு. ஒரு பொட்டை ஏற்கெனவே பல பிக்சல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதை இன்னும் நுணுக்கி 20 ஆக்கினால் கோப்புத்தான் பெருக்கும். ஒலிம்பஸ் நிறுவனம் 2015இல் விட்ட டீஜீ-4 கமராவுக்கு 16 மெகாபிக்சல். 2017இல் வந்த டீஜீ-5இல் அதை 12 ஆகக் குறைத்தது. பெரிய எண்ணைச் சொல்லி விற்கும் சந்தையில் எண்ணைக் குறைத்து ஒரு கமராவை இறக்குவதற்குத் துணிவு வேண்டும். அந்தக் கமராதான் பூச்சிப் படக்காரரிடையே பேர்பெற்றது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தூரத்தை. விளம்பரத்தில் "ஒரு சென்ரிமீற்றரில் மக்ரோ" என்றிருக்கும். அது பெரும்பாலும் வில்லை மிக அகலமாகத் திறந்து பார்க்கும் நிலையில் மட்டும் உண்மை; சூமை இழுத்தவுடன் அதே கமரா முப்பது, நாற்பது சென்ரிமீற்றருக்கு உள்ளே கிட்டப் போக மறுக்கும். ஒரு சென்ரிமீற்றரில் நின்றால் கமராவின் நிழலே நுளம்பின் மேல் விழும், உயிருள்ள பூச்சியானால் நிழல் விழமுன்பே பறந்துவிடும். டீஜீ வரிசையின் சிறப்பு அது ஒரு சென்ரிமீற்றர் போவதல்ல, சூமை முழுவதும் இழுத்த நிலையிலும் கிட்டத்தில் குவிவது. அதனால் சற்று விலகி நின்றே சின்னக் காட்சியை நிரப்பலாம். (அதன் "44 மடங்கு" என்ற எண்ணை மறந்துவிடுங்கள், அது கமராவின் பின்திரையில் காணும் பெருக்கம், டிஜிற்றல் சூமையும் சேர்த்தது.) வேறு கமரா உள்ளவர்களுக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளிலும் மணிக்கூடு திருத்துபவர்களிடமும் காணும் உருப்பெருக்கிக் கண்ணாடியை, பெருக்கம் குறைந்ததாகப் பார்த்து, சூம் இழுத்த வில்லையின் முன்னால் பிடிப்பது. நாலு மடங்குக் கண்ணாடி ஆறு சென்ரிமீற்றர் தூரத்தைத் தரும். பத்து மடங்கு என்று ஆசைப்பட்டால் அது இரண்டரைக்குச் சுருங்கிவிடும். ஓரங்கள் மங்கும், நிறம் சற்றுப் பிரியும். நுளம்பு நடுவில்தானே இருக்கிறது.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒளி நுழைவதற்கு அதுதான் வாசல். சேது நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண மன்னர்களான ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த அந்தச் செப்புக்காசில் படுத்திருக்கும் எருதும் அதன் கீழ் "சேது" என்ற எழுத்தும் இருக்கும். தேய்ந்த காசில் எழுத்து மயிர் தடிப்புக்கு மேல் எழும்பி நிற்காது. நேர் முன்னிருந்து வெளிச்சம் விழுந்தால் எழுத்தும் பரப்பும் ஒன்றாக மின்னி, படத்தில் ஒரு செப்புத் தட்டுத்தான் மிஞ்சும். பக்கவாட்டில், ஏறத்தாழ மேசையோடு படிந்து வரும் ஒளியில் அதே எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். 1980இல் ஆனைக்கோட்டை ஈமப் புதைகுழியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த முத்திரையில் குறியீடுகளும் பிராமி எழுத்துக்களும் ஒரு விரல் நுனி இடத்துக்குள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றில் ஒரு கீறு எழுத்தா, உராய்வா என்பது வெளிச்சம் வந்த திசையைப் பொறுத்து மாறும். ஒரு சென்ரிமீற்றரில் நிற்கும் கமரா இந்தத் திசையையே அடைத்துவிடுகிறது. நுளம்புக்கு வேண்டியது நேர்மாறான வெளிச்சம்: பளபளக்கும் செதில்களுக்கு எங்கும் பரந்த மென்மையான ஒளி. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் குடாநாட்டுச் சூரியன் உச்சிக்கு நேரே வந்துவிடும். அந்த வெயிலில் வெள்ளை எல்லாம் வெளுத்து, யாழும் கோடும் ஒரே பொட்டாகிவிடும். ஒரு துண்டு வேட்டித் துணியை மேலே பிடித்தால் போதும். கமராவில் மிச்சம்பிடித்த காசில் ஒரு சிறு ரோர்ச்சும் வெள்ளைத் துணியும் வாங்குபவர், அடுத்த விலைப்படிக் கமராவுக்குத் தாவியவரைவிட நல்ல படம் எடுப்பார் என்றே கருதுகிறேன்.

கையில் தொலைபேசி இருக்க இதெல்லாம் எதற்கு என்ற மறுப்பு வலுவானது, பாதி சரியும்கூட. 2018இல் இலங்கைக்கு வந்து சோளத்தைத் தின்ற படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் தலைகீழான ஆங்கில வை எழுத்து, வாலருகே சதுரமாக நாலு கரும்புள்ளிகள். வளர்ந்த புழு மூன்று, நாலு சென்ரிமீற்றர் இருக்கும். சாதாரணத் தொலைபேசியே அதைக் காட்டிவிடும், அந்த நிமிடமே திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் தெரிந்தவருக்கு வைபரில் அனுப்பியும்விடலாம். அந்த வேலைக்கு யாரும் கமரா வாங்கவேண்டாம். நுளம்பின் முதுகுக்கு வரும்போது கதை மாறுகிறது. மலிவுத் தொலைபேசிகளில் அலங்காரத்துக்கு வைத்த 2 மெகாபிக்சல் மக்ரோக் கண்ணுக்குக் குவியமே மாறாது. விலைகூடியவற்றில் அகலக்கோண வில்லை கிட்டப் போகிறது, ஆனால் முன்சொன்ன நிழல் தொல்லை அங்கே இன்னும் மோசம். அதைவிடப் பெரிய சந்தேகம் எனக்கு வேறொன்றில்: தொலைபேசி தானாகவே படத்தைக் கூர்மையாக்கி, இரைச்சலைத் துடைத்து, இல்லாத இழையையும் சேர்த்துவிடும். அழகுக்கு அது சரி. செதில் எங்கே முடிகிறது என்பதைப் பார்த்து இனத்தைச் சொல்லவேண்டிய படத்தில் அது பொய்ச்சாட்சி. டீஜீ-4 முதல் அந்த வரிசை பதனிடாத கோப்பையும் சேமிக்கிறது. இதற்காகவே அதைப் பழையதாகக் கிடைத்தாலும் எடுக்கலாம்.

பழையது என்பதை அழுத்தியே சொல்கிறேன். 2019இல் டீஜீ-6 வந்தபோது விலை 450 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. வரி எதுவும் சேராமலே 90,000 ரூபாக் கமரா இரண்டரை மாதத்தில் 1,62,000 ஆனது. இந்தக் கணக்கில் புதியதைத் தாங்கக்கூடியது என்று சொல்ல நாக்கு எழாது. கனடாவிலும் லண்டனிலும் அலுமாரிக்குள் தூங்கும் கமராக்கள் எத்தனையோ. லீவில் வரும் உறவினரின் பெட்டியில் சொக்கிளேற்றுக்குப் பக்கத்தில் அதற்கும் இடமுண்டு. பழையதில் வில்லை வெளியே நீண்டு உள்ளே சுருங்கும் வகையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. மணற்காட்டு மணலும் கடற்காற்றின் உப்பும் அந்தக் குழாய்களுக்கு இடையில் புகுந்தால், நீண்ட வில்லை நீண்டபடியே நின்றுவிடும். டீஜீ வரிசையில் சூம் முழுவதும் உடலுக்குள்ளேயே நடக்கிறது, 15 மீற்றர் ஆழம் வரை நீரும் புகாது. ஆனால் பழசாகிப்போன ரப்பர் அடைப்பை நம்பிக் கடலுக்குள் இறக்குவது வேறு விஷயம். குழாய்த் தண்ணீரில் உப்பைக் கழுவ அது போதும்.

வாங்கும் இடத்தில் செய்துபார்க்க ஒரேயொரு சோதனை. பாடசாலை அடிமட்டம் ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். கமராவின் சூமை முழுவதும் இழுத்து, படம் தெளிவாக வரும்வரை எவ்வளவு கிட்டப் போகமுடியுமோ போய் ஒரு படம் எடுங்கள். படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை மில்லிமீற்றர் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். முப்பது என்றால் காசுக்கும் புழுவுக்கும் போதும். பன்னிரண்டு என்றால் நுளம்பின் முதுகைப் படிக்கலாம். அந்த நெருக்கத்தில் தெளிவின் ஆழம் கால் மில்லிமீற்றர்தான் என்பதால் முதுகு கமராவுக்கு நேராக இருக்கும்படி நுளம்பைக் கிடத்தவேண்டும். வெங்காயத் தாளில் ஒட்டியிருக்கும் இலைப்பேன் ஒரு மில்லிமீற்றர் நீளம். அது இலைப்பேன் என்று தெரியும், எந்த இனம் என்று தெரியாது. மிளகாய்க் கொழுந்தைச் சுருட்டும் சிற்றுண்ணிக்கு நுணுக்குக்காட்டிதான்.