சோற்றை விட்ட கதை



"ஸேர், எப்பிடி மெலிஞ்சீங்க?" என்று கேட்காத ஆளில்லை. கீட்டோதான். 1921இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு வைத்தியமாக வந்த சாப்பாட்டு முறை. மாச்சத்து நாளைக்கு 50 கிராமுக்குள். ஒரு கோப்பைச் சோற்றிலேயே சுமார் 45 கிராம் இருக்கிறது. எனவே சோறு, பாண், இடியப்பம் எல்லாம் நிறுத்தம். வலீமா சஹனில் இறைச்சியை மட்டும் பொறுக்கினால் மற்ற ஐந்து பேரும் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

இரண்டு கிழமையில் 4 கிலோ குறைந்தது. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று பிறகுதான் அறிந்தேன். உடலில் சேர்ந்திருக்கும் மாச்சத்து ஒரு கிராம் கரைந்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரும் போகும்.

அதற்குள் மாத்தளை பஸ்ஸில் பக்கத்துவீட்டு நானாவுக்கும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் சீனி வருத்தத்துக்கு கிளிக்ளசைட் குடிப்பவர். நான் கேட்கவேயில்லை. மூன்றாம் நாள் ஸுபஹுக்கு வுழூ செய்யும்போது வியர்த்து, கை நடுங்கி, அப்படியே குந்திவிட்டார். சோற்றை விட்டவர் குளிசையைக் குறைக்கவில்லை, சீனி இறங்கிவிட்டது. நல்லவேளை நினைவு இருந்தது. சீனித் தண்ணீர் குடித்ததும் தெளிந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

குளிசை குடிப்பவர்கள், இன்சுலின் ஏற்றுபவர்கள் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் டொக்டரிடம் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

நானா இப்போதும் என்னோடு நல்லாத்தான் கதைக்கிறார். அவருடைய வீட்டில்தான் இன்னும் முகம் கொடுப்பதில்லை.