பத்துக் குமிழி மூச்சு

வெள்ளி, இரவு

படகிலிருந்து குதித்ததும் முதலில் மாறியது சத்தம். மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சர்வரில் இருந்த பையன்களில் ஒருவன் கரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். தலை முங்கியதும் எல்லாம் அடைத்துப்போனது. கொஞ்சம் பொறுத்து மெல்லிசாக ஓர் இசை எழுந்தது. சி418 என்ற பெயரில் இசையமைக்கும் ஜெர்மன்காரர் டேனியல் ரோசன்ஃபெல்ட், தண்ணீருக்குள் இருக்கும்போது ஒலிப்பதற்கென்றே மூன்று துண்டுகள் போட்டிருக்கிறார். மைன்கிராஃப்டில் இவ்வளவு நுணுக்கம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கட்டைக் கட்டையாகத் தெரிகிற சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்றுதான் எண்ணியிருந்தேன்.

"சித்தப்பா, குமிழி தீருது, மேல வாங்க!" என்று அண்ணன் மகன் கத்தினான். திரையில் வரிசையாகப் பத்துக் குமிழிகள். 15 விநாடியில் அத்தனையும் வெடித்துவிடும். அதற்குப் பிறகு விநாடிக்கு ஓர் இதயம் கழியும். கீழே என்ன இருந்தது என்று ஒன்றையும் பார்க்காமலே மேலே வந்துவிட்டேன்.

சனி

2018 வரை இந்த விளையாட்டில் கடல் என்பது ஏறக்குறைய வெறும் நீலப் பள்ளம்தான். மணல், ஜல்லி, கணவாய், ஆங்காங்கே ஒரு பெரிய கோயில் போன்ற கட்டடம், அவ்வளவே. அந்த ஆண்டு ஜூலையில் வந்த அப்டேட்டில்தான் கடற்பாசிக் காடு, கடற்புல், பவளம், ஆமை, ஓங்கில், முழுகிய கப்பல் எல்லாம் வந்தன. பையன் இதையெல்லாம் சரித்திரப் பாடம் மாதிரி ஒப்பித்தான். பள்ளிக்கூடச் சரித்திரத்தில் அவன் எடுத்த மார்க்கை இங்கே எழுத வேண்டாம்.

நான் பிழைப்பது போர்வெல் மோட்டார் வேலையில். மோட்டாரை மேலே தூக்கும்போது பைப்புகளை எண்ணி ஆழத்தைக் கணக்கிடுவோமே தவிர, அடியில் என்ன இருக்கிறது என்று எங்களில் எவனும் கண்டதில்லை. நீச்சல் கற்றதும் கிணற்றில்தான், முதுகில் காலி எண்ணெய்க் கேன் கட்டிக்கொண்டு. கண்ணைத் திறந்தால் பச்சை இருட்டு. தரையைத் தொட்டேன் என்று சொன்னால் ஒருவனும் நம்ப மாட்டான். ஒரு கை சேறு அள்ளி வந்து காட்ட வேண்டும். கோமுகி அணையும் அப்படியே. கல்வராயன் மலையிலிருந்து வருகிற தண்ணீர் மழைக்காலத்தில் செம்மண் கரைசலாக நிற்கும். 46 அடி நிரம்பினால் ஊருக்கே சந்தோஷம், ஆனால் உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை.

ஆக, தண்ணீருக்கு அடியில் கண்ணால் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

இதில் ஒரு விஷயம் என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டது. முங்கியவுடன் எல்லாம் மங்கலாக இருக்கிறது. இருக்க இருக்கக் கண் பழகித் தெளிகிறது. முழுதாகத் தெளிய 30 விநாடி வேண்டும். மூச்சோ 15 விநாடிக்குத்தான். தெளிவு வருவதற்குள் மேலே போயாக வேண்டும், போய் வந்தால் மறுபடியும் மங்கல். இதை வடிவமைத்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தற்செயலோ, இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இந்தக் கடலே இருக்கிறது என்பேன். வாளும் வில்லும் எனக்கு அலுத்துப்போயின. இந்த இழுபறி அலுக்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. தரையில் ஒரு கதவை நட்டால் அந்த இடத்துக்குள் தண்ணீர் வராது. கதவோடு ஒட்டி நின்று மூச்சு வாங்கலாம். கடலடியில் அங்கங்கே தணல் போலக் கனன்றுகொண்டிருக்கும் மாக்மாக் கல்லிலிருந்து குமிழிகள் தூணாக எழும்பும். அதற்குள் போனாலும் மூச்சு நிரம்பும். ஆனால் அந்தத் தூண் ஆளைக் கீழே இழுக்கும், கல்லில் கால் பட்டால் சுடும். காற்றுக்காகப் போனவனை நெருப்பில் கொண்டுபோய் விடுகிற ஏற்பாடு. இன்று அதில் பலமுறை கால் சுட்டுக்கொண்டேன், ஆனால் ஒரு முழுத் தெளிவும் பார்த்தேன். கடற்பாசிகள் தரையிலிருந்து மேல்மட்டம் வரை ஆடிக்கொண்டே நின்றன, நடுவில் சால்மன் கூட்டம்.

ஞாயிறு

சர்வருக்குப் புதிதாக ஒருவர் வந்தார், தூத்துக்குடிக்காரர். அப்பா சங்கு குளிக்கிறவராம். "எந்த ஊர்ண்ணே?" என்று கேட்டார். கருணாபுரம் என்று தட்டினேன். கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை. 2024 ஜூனுக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் இந்த இடைவெளி வந்துவிடும். மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் போன அந்த வாரத்தைத் தவிர எங்களிடம் வேறு எதையும் கேட்கத் தோன்றாது வெளியூர்க்காரர்களுக்கு. இவர் கேட்கவில்லை. "இந்தக் கடல்ல காது வலிக்காதுண்ணே, அதான் கொறை" என்று மட்டும் எழுதினார்.

சரியாகப் பிடித்தார். பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகும். காது அடைக்கும், மூக்கைப் பொத்திக் காற்றை உள்ளே தள்ள வேண்டும். கிணற்றிலேயே அந்தக் குத்தல் எனக்குத் தெரியும். இங்கே ஒரு கட்டை ஒரு மீட்டர் கணக்கு. ஆழ்கடல் என்று பெயர் வைத்த இடத்தில் 30 கட்டை போல இறங்கினேன், மேலே இருந்தபடியேதான் கீழேயும் இருந்தேன். குளிர் இல்லை, நீரோட்டம் இல்லை, கனம் இல்லை.

நிறமும் அப்படித்தான் என்றார். உண்மையான கடலில் சிவப்புத்தான் முதலில் காணாமல் போகும்; ஆழத்தில் கை கிழிந்தால் ரத்தம் பச்சையாகத் தெரியுமாம். இந்த விளையாட்டில் எவ்வளவு ஆழத்திலும் சிவப்புப் பவளம் சிவப்பாகவே ஜொலிக்கிறது.

"அப்ப எதுக்கு ஆடறீங்க?" என்று கேட்டான் பையன்.

"அப்பா பாத்ததை எனக்குச் சொல்லவே தெரியாது அவருக்கு. இது கொஞ்சம் சொல்லுது." தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அவருடைய தாத்தா அதைப் பார்த்திருப்பார்.

செவ்வாய்

சின்னசேலம் பக்கம் ஒரு மோட்டார் சிக்கிக்கொண்டது. எழுத ஒன்றும் இல்லை.

வியாழன்

மண்ணில் பாதி புதைந்த கல் வீடுகள். கூரை இல்லை, சுவர்கள் மட்டும், மூலையில் ஒரு பெட்டி. ஓங்கிலுக்குப் பச்சை மீன் கொடுத்தால் அது முன்னால் நீந்தி இப்படிப்பட்ட இடத்துக்கு அழைத்துப்போகும். போனோம். சுவருக்குப் பின்னால் முழுகிச் செத்தவர்கள் என்று ஒரு கூட்டம், ஒருத்தன் கையில் திரிசூலம். பையன் பார்த்துக்கொண்டான்.

எனக்குப் பூம்புகார் நினைவு. கோவாவில் இருக்கிற தேசியக் கடலாய்வு நிறுவனம் 1980களிலிருந்து அங்கே முங்கித் தேடியிருக்கிறது. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில், 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டார்கள். அது மனிதன் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா, எந்தக் காலம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2025-இல் தமிழ்நாடு தொல்லியல் துறையும் அந்தக் கடலில் இறங்கியிருக்கிறது. அங்கே கலங்கிய நீரில் கையால் தடவித்தான் பல நேரம் வேலை நடக்கும். இந்த விளையாட்டில் இடிபாட்டைக் கண்டதுமே அது இடிபாடு என்று தெரிந்துவிடுகிறது. சந்தேகப்பட இடமே இல்லை. நிஜத் தேடலின் சுவை பாதி அந்தச் சந்தேகத்தில்தானே? இந்த ஒரு விஷயத்தில் விளையாட்டுக்கு நான் மார்க் குறைப்பேன்.

சனி

வெதுவெதுப்பான கடல். பவளம் ஐந்து நிறத்தில். ஒரு கட்டையை உடைத்துக் கரைக்குக் கொண்டுவந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறமாகிச் செத்தது. இதை வைத்தவருக்கு ஒரு கும்பிடு. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்த காலம் ரொம்பப் பழசல்ல. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் அடங்கியது.

கடற்புல் இவ்வளவு இருந்தும் ஆவுளியா இல்லை. பாக் விரிகுடாவில் அதற்கென்று 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கியிருக்கிறது அரசு. விளையாட்டை வடிவமைத்தவர்கள் ஒரு குட்டியையாவது விட்டிருக்கலாம். "அது என்ன சித்தப்பா?" என்றான். கடல் பசு என்றேன். பசு என்றதும் அவனுக்கு வேறு ஞாபகம் வந்துவிட்டது. நாளைக்குக் கடலடிக் கோயிலுக்குப் போகிறோமாம். உள்ளே இருக்கிற பெரிய காவல் மீன் சாபம் போட்டால் ஒரு கல்லைக்கூட உடைக்க முடியாது. பால் குடித்தால்தான் தீரும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. தூத்துக்குடிக்காரர் கதவுகள் கொண்டுவருவார், பையன் திரிசூலம். நான் பால் வாளி.

கரைக்குப் போய் மாடு தேட வேண்டும்.