முடிக் கணக்கு

சாப்பாட்டில் தலைமுடி கிடந்தால் உறவு நீடிக்கும் என்பார் என் பாட்டி. அந்தக் கணக்குப்படி, போன வருஷம் எங்கள் வீட்டு உறவு ஏழேழு ஜென்மத்துக்கும் உறுதியாகிவிட்டது. ரசத்தில் முடி, சப்பாத்தியில் முடி, பாத்ரூம் சல்லடையில் கொத்துக் கொத்தாக முடி. எல்லாம் என் மனைவியுடையது.

நான் என்ன செய்தேன்? கத்தினேன். ‘‘தலையை முடிஞ்சுக்கிட்டு சமைக்கக் கூடாதா?’’ அப்புறம் பாவமாக இருக்கவே, எண்ணெய் வாங்கி வந்தேன். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெங்காயம்... பாத்ரூம் ஜன்னலில் பாட்டில்கள் வரிசை கட்டின. முடி கொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். அவர் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்த்தார். ‘‘கொட்ட ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு, மூணு மாசம் முன்னாடி காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?’’

வந்திருந்தது. டைஃபாய்டு. 10 நாள் படுக்கை. நான் மறந்தே போயிருந்தேன்.

தலையில் இருப்பது சுமார் ஒரு லட்சம் முடி. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது நியாயமான செலவு. கடுங்காய்ச்சல், பிரசவம், பட்டினி என்று ஏதாவது வந்தால் உடம்பு சிக்கனத்தில் இறங்கி, வளர்கிற முடிகளில் ஒரு பகுதியை ஓய்வுக்கு அனுப்பிவிடுமாம். அவை கொட்டுவது இரண்டு, மூன்று மாதம் கழித்து. பி.காம். படித்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. செலவு ஒரு மாதம், பில் வருவது வேறொரு மாதம்.

‘‘அப்ப எண்ணெய்?’’ என்றேன்.

‘‘தாராளமா தடவுங்க. வெளியே தெரியற முடிக்கு நல்லது. வேருக்குச் சாப்பாடு ரத்தம் வழியாத்தான் போகும்.’’

தலைக்குக் குளிக்கும்போது முடியின் புரதம் வீணாவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வே சொல்கிறது. ஈர முடி சீக்கிரம் அறும். அதனால் ஈரத் தலையில் சீப்பு வேண்டாம், துண்டால் அடித்துத் துவட்ட வேண்டாம், இறுக்கி இழுத்துப் பின்ன வேண்டாம் என்றார் டாக்டர். அடுத்துதான் அந்தக் கேள்வி.

‘‘காலையில என்னம்மா சாப்பிடுவீங்க?’’

அவள் என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். 18 வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குப் பதில் தெரியவில்லை.

‘‘காபி. இட்லி மிச்சமிருந்தா ஒரு பதினோரு மணிக்கு...’’ என்றாள் மெதுவாக.

ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தின் இருப்பு அடிமட்டத்தில் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டு, அவள் முதலிலிருந்தே எடுத்துச் செலவு செய்திருக்கிறாள். நான் கடையில் நின்று பாட்டில் லேபிளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ‘‘காபியோட சேர்த்து விழுங்காதீங்க’’ என்றார். இப்போதெல்லாம் காலை எட்டு மணிக்கு நான்கு தட்டும் ஒன்றாக விழுகின்றன. முட்டை, சுண்டல், முருங்கைக்கீரை அடை என்று முறை வைத்துச் சாப்பிடுகிறோம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளருமாம்; அவசரப்பட்டுப் பயனில்லை. ஆறு மாதம் கழித்து அவள் நெற்றியோரம் குட்டிக் குட்டியாக முடி எழுந்து நிற்கிறது.

போன வாரம் ரசத்தில் ஒரு முடி வந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன்:

‘‘நீ சாப்பிட்டியா?’’